ஆறாங்கிளாஸ் டாக்டர்

ஏனுங்க மாப்பிள்ளை, எம் புள்ளை போட்டோ அனுப்பிச்சிருந்தா. பேரன் முழங்கால் வரைக்கும் தொங்கற வெள்ளைக் கோட்டு மாட்டியிருக்கான், கழுத்துல ஸ்டெதஸ்கோப்பு. பின்னால பிளெக்ஸ் போர்டுல ‘வருங்கால மருத்துவர்’னு கொட்டை எழுத்து. பாத்ததும் நெஞ்சு நெறஞ்சு போச்சுங்க. ஆறாவது படிக்கற பையன் அதுக்குள்ள டாக்டராயிட்டானேன்னு ஊருக்குள்ள நாலு பேர்கிட்டக் காட்டினேன். பக்கத்துத் தோட்டத்துக்காரர் கண்ணாடியைத் தொடைச்சுப் போட்டுட்டுப் பாத்தாரு. “கோட்டு வாடகைங்களா, சொந்தமுங்களா?”ன்னு கேட்டாரு. மாப்பிள்ளையைக் கேட்டுச் சொல்றேன்னு வந்துட்டேன். என்ன சொல்லட்டுமுங்க?

டாக்டர் படிப்புக்கான நீட்டுல 180 கேள்வி, 720 மார்க்கு, மூணு மணி நேரமாம். அந்த மூணு மணி நேரத்துக்கு ஆறேழு வருசம் முன்னாலிருந்தே உக்காந்து பழகோணும்னு, நீங்க பையனைச் சேத்திருக்கற நீட் ஃபவுண்டேஷன் கோச்சிங் சென்டர்ல சொன்னாங்களாமா. பள்ளிக்கூடம் விட்டு வந்து ஆறு மணிக்குப் போனா, வூடு திரும்பறப்ப எட்டரை. ஞாயித்துக்கிழமை முழுக்க டெஸ்ட்டு. சிலம்பத்தை நிறுத்தியாச்சு, படம் போடறதை நிறுத்தியாச்சு, ‘தமிழ்ல பாஸானாப் போதும்’னு நீங்களே உத்தரவும் போட்டாச்சாம். குறை சொல்லலீங்க. மாப்பிள்ளையை மாமனார் குறை சொல்லலாமுங்களா? எனக்கு வயசாச்சு, வெவரம் பத்தாது, அதனால சந்தேகம் கேக்கறேன்.

மொதல் சந்தேகம் உங்களைப் பத்தித்தானுங்க. நீங்க படிச்சது மெக்கானிக்கல். பொண்ணு பாக்க வந்தப்ப, “பையன் பி.இ. மெக்கானிக்கல், ஃபர்ஸ்ட் கிளாஸ்”னு உங்கய்யன் பலகாரத் தட்டு வர்றதுக்கு முன்னாடியும் சொன்னாரு, வந்த பின்னாடியும் சொன்னாரு. இன்னைக்கு நீங்க பேங்குல நகைக்கடன் சீட்டுல கையெழுத்துப் போடறீங்க. நல்ல உத்தியோகம், கண்ணு படாம இருக்கோணும். ஆனா அந்த பேங்குப் பரிட்சையில என்ன கேட்டாங்க? இங்கிலீசு, கணக்கு, ரீசனிங்கு, பொது அறிவு. நாலு வருசம் கண்ணு முழிச்சு உருப்போட்ட தெர்மோடைனமிக்ஸ்ல ஒரு கேள்வி வந்துச்சுங்களா? கியர் பெட்டிக்குள்ள எத்தனை பல்லுன்னு யாராச்சும் கேட்டாங்களா? உங்களைக் கரை சேத்தது எதுவோ, அதைத்தான் இப்ப பையனுக்கு வேண்டாங்கறீங்க.

நீங்க ஒருத்தர்னா பரவால்லீங்க. நம்மூர் லைப்ரரிக்கு ஒரு நாள் வாங்க. பி.இ. படிச்சது, எம்.எஸ்சி. படிச்சது, பி.எட். முடிச்சது எல்லாம் குரூப்-4 பரிட்சைக்கு உக்காந்து படிக்குதுக. அதுக்குக் கேக்கற தகுதி பத்தாவது பாஸ். 200 கேள்வியில பாதி தமிழ். என்ன புஸ்தகம் படிக்குதுகன்னு எட்டிப் பாத்தேன். ஆறாவதுல இருந்து பத்தாவது வரைக்குமான தமிழ், சமூக அறிவியல், அறிவியல். இதெல்லாம் மார்க்குக்கு ஆகாதுன்னு அந்த வயசுல தூக்கிப் போட்டதை, கலியாணம் ஆகிற வயசுல பழைய புஸ்தகக் கடையில காசு கொடுத்து வாங்கி, மஞ்சப் பேனாவுல கோடு போட்டுப் படிக்குதுக. சோழன் எந்தக் குளம் வெட்டினான், வைட்டமின் சி குறைஞ்சா என்ன சீக்கு வரும், எல்லாம் அப்பத்தான் தெரியுதாமா. பொதுப் படிப்புல இருந்து யாரும் தப்பிச்சுப் போக முடியாது போலிருக்குங்க. வேளைக்குப் படிக்காதவன் வட்டி கட்டிப் படிக்கறான். வட்டிக் கணக்கு எனக்குத் தெரியாது, அது உங்க துறை.

இப்ப ஒரு பழைய கதை. 1953-ல நான் அரை டிராயர் போட்ட பையன். ராஜாஜி முதல் மந்திரி. புள்ளைக மூணு மணி நேரம் பள்ளிக்கூடத்துல இருந்தாப் போதும், மிச்ச நேரம் அப்பன் ஆத்தாகூட இருந்து அவங்க தொழிலைக் கத்துக்கட்டும்னு ஒரு திட்டம் கொண்டாந்தாரு. அதுவும் பட்டணத்துப் பள்ளிக்கூடத்துக்கு இல்லீங்க, நம்ம மாதிரிக் கிராமத்துக்கு. பெரியாரு அது குலக்கல்வின்னு சொல்லித் தெருவுல இறங்கிட்டாரு. மறு வருசம் காமராஜர் நாற்காலிக்கு வந்ததும் தூக்கிக் கடாசினாரு. அந்தத் திட்டம் நிலைச்சிருந்தா துணி வெளுக்கறவர் பையன் வெளுத்துட்டே இருந்திருப்பான், ஆடு மேய்க்கறவர் பையன் ஆட்டுக்குப் பின்னாலேயே போயிருப்பான். யோசிச்சுப் பாத்தா அதுவும் சின்ன வயசுலேயே ஒரே தொழில்ல கெட்டிக்காரன் ஆக்கற ஏற்பாடுதானுங்க. நீங்க சொல்ற ஸ்பெஷலைசேஷன்தான்.

நம்ம ஊரு அதை எதிர்த்து நின்னு செயிச்சுது. அப்பறம் என்ன ஆச்சு? அப்ப அப்பன் செஞ்ச தொழிலை மகன் தலையில கட்டப் பாத்தாங்க. இப்ப அப்பனுக்குக் கிடைக்காமப் போன தொழிலை மகன் தலையில கட்டறாங்க. அதுக்கு எதிரா ஊர்வலம் போனோம், இதுக்கு வரிசையில நின்னு பீசு கட்டறோம். ரெண்டு தடவையும் புள்ளைகிட்ட ஒரு வார்த்தை யாரும் கேக்கலை. நீங்க பிளஸ் டூவுல மெடிக்கலுக்கு எழுதிக் கட் ஆஃப்ல விட்டதை எனக்குப் புள்ளை சொல்லியிருக்கா. நான் வெளிய சொல்லலீங்க.

சரி, டாக்டரே ஆகட்டும். டாக்டருங்க எப்படிப் படிக்கறாங்கன்னு பாத்தீங்களா? எம்.பி.பி.எஸ். அஞ்சரை வருசம். அதுல கடைசி ஒரு வருசம் ஆஸ்பத்திரியிலேயே பயிற்சி. கண்ணு டாக்டராகப் போறவனும் பிரசவம் பாக்கோணும், எலும்பு டாக்டராகப் போறவளும் மனநோய் வார்டுல நிக்கோணும். எல்லா வார்டும் சுத்தி முடிச்ச பின்னாலதான் மேல் படிப்புல ஒண்ணைப் பிடிக்க உடறாங்க. பல்லு முளைச்ச உடனே ‘நீ இருதயம், நீ சிறுநீரகம்’னு பிரிக்கலை. அந்தத் தொழிலே அகலமாப் படிச்சுட்டு அப்பறம் ஆழமாப் போன்னு சொல்லுது. அந்தத் தொழிலுக்குப் போறதுக்குப் பையன் ஆறாவதுலேயே ஒடுங்கிப் போகோணும்னு நீங்க சொல்றீங்க. இதுல யாரு வெவரமானவங்கன்னு எனக்குப் புரியலை.

அந்த அகலம் எதுக்குங்கறது எனக்குப் போன வருசம் புரிஞ்சுது. முட்டிக்கு ஒரு டாக்டர், சக்கரைக்கு ஒரு டாக்டர், கால் எரிச்சல்னு நரம்புக்கு ஒரு டாக்டர். மூணு பேரும் பெரிய படிப்பு, மூணு பேரும் நல்லாத்தான் பாத்தாங்க. மூணு சீட்டையும் ஒண்ணா வெச்சுப் படிச்ச ஒரே ஆளு நம்ம மருந்துக்கடைப் பையன். “ஐயா, ஒரே மாத்திரையை ரெண்டு பேரு வேற வேற கம்பெனிப் பேர்ல எழுதியிருக்காங்க, ரெண்டையும் முழுங்கிறாதீங்க”ன்னான். அவன் படிச்சது டி.பார்ம். என்னை இன்னைக்கு உங்களோட பேச வெச்சிருக்கறதுல அவனுக்கும் பங்குண்டு. ஸ்பெஷலிஸ்ட் வேண்டாங்கலீங்க. பக்கத்துச் சீட்டையும் எட்டிப் பாக்கற ஸ்பெஷலிஸ்ட் வேணும்.

நீங்க என்ன பதில் வெச்சிருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். போன நோம்பிக்குச் சொன்னீங்களே, “பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்ட மாட்டான் மாமா”ன்னு. நல்ல பழமொழி. ஆனா ஒரு மரத்தை மட்டும் பாத்த தச்சன் முருங்கையில கட்டில் செஞ்சு கொடுத்தா யாரு படுக்கறது? அப்பறம் ராமானுஜத்தை இழுத்தீங்க. அவரு கணக்கு ஒண்ணைத்தான படிச்சாருன்னு.

வாஸ்தவமுங்க. கும்பகோணம் காலேஜுல ஸ்காலர்ஷிப்போட சேர்ந்தாரு. கணக்கைத் தவிர வேற புஸ்தகத்தைத் தொடலை, ஸ்காலர்ஷிப் போயிருச்சு. பட்டணத்துல பச்சையப்பன் காலேஜுக்குப் போனாரு, அங்கயும் எஃப்.ஏ. தேறலை. எல்லாப் பாடத்துலயும் பாஸானாத்தான் உள்ள உடுவேன்னு ஒரு பரிட்சை, அப்படியொரு மூளையை வாசலுக்கு வெளியவே நிறுத்திருச்சு. துறைமுகத்துல குமாஸ்தா வேலை பாத்துட்டு இருந்த மனுசனை, டிகிரி எங்கேன்னு கேக்காம கேம்பிரிட்ஜுக்குக் கூப்பிட்டது வெள்ளைக்காரன், 1914-ல அவரு கப்பலேறினாரு. இது உங்க கட்சிக்குப் பலமான சாட்சி, நான் மறைக்க மாட்டேன். எல்லாரும் எல்லாத்துலயும் 35 வாங்கோணும்னு கழுத்துல கத்தி வெக்கறது பொதுக் கல்வி இல்லீங்க, அது வேற என்னமோ.

ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா? ராமானுஜத்தோட அப்பா சேலைக்கடைக் குமாஸ்தா. பையனைக் கணக்கு ஃபவுண்டேஷன்ல சேத்தவரில்லை. அந்தக் கிறுக்கு யாரும் பீசு கட்டி வரலை, தானா வந்தது. உங்க பையன் நடுராத்திரி எந்திரிச்சு, தவளை வயித்துக்குள்ள என்ன இருக்குன்னு பாத்தே ஆகோணும்னு அழுதான்னா ஒரு போன் போடுங்க. மழைக்காலம், நம்ம கிணத்துல தவளைக்குப் பஞ்சமில்லை. நானே புடிச்சுக் கொண்டாறேன்.

கும்பகோணத்துக்காரரை நீங்க சொன்னீங்கன்னா, நான் சிதம்பரத்துக்காரரைச் சொல்றேன். வெங்கி ராமகிருஷ்ணன், பொறந்தது 1952-ல. பரோடாவுல பி.எஸ்சி. பிசிக்ஸ். அமெரிக்காவுல பிசிக்ஸ்லயே பிஎச்.டி. 1976-ல அதை முடிச்ச கையோட, டாக்டர் பட்டம் வாங்கின மனுசன் மறுபடியும் மாணவனாப் போய் உக்காந்து பயாலஜி படிச்சாரு. 2009-ல அவருக்கு நோபல் பரிசு கொடுத்தாங்க, எதுக்குன்னா கெமிஸ்ட்ரிக்கு. பிளஸ் ஒன் அட்மிஷன் பாரத்துல இவரு எந்த குரூப்புல டிக் அடிக்கோணுமுங்க மாப்பிள்ளை? கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லுங்க.

செர்மனியில இருக்கற உங்க சித்தப்பா பையன் சொன்னதையும் நான் மறக்கலை. அங்க பெரும்பாலான மாநிலத்துல நாலாங்கிளாஸ் முடிஞ்சதுமே, பத்து வயசுலயே, புள்ளைகளைப் பிரிச்சிருவாங்களாம். யுனிவர்சிட்டிக்குப் போறவன் ஒரு பள்ளிக்கூடம், தொழிலுக்குப் போறவன் ஒரு பள்ளிக்கூடம். பாத்தீங்களா மாமான்னு நீங்க மீசையைத் தடவினீங்க. ஆனா அவரு சொன்ன மீதியை நீங்க கேக்கலை. தொழிலுக்குப் போற பையன் கம்பெனியில கூலியோட வேலை பழகறான், வாரத்துல ஒண்ணு ரெண்டு நாள் தொழில் பள்ளிக்கூடம் போறான், முடிச்சதும் கௌரவமா நிக்கறான். எலெக்ட்ரீசியன்னா பொண்ணு கொடுக்கறாங்க. இங்க ஐ.டி.ஐ. படிச்ச பையனுக்குப் பொண்ணு கேட்டுப் போனா காப்பித் தண்ணி கூட வர்றதில்லை. அவ்வளவு ஏற்பாடு இருக்கற ஊர்லயே, பத்து வயசுல பிரிக்கறது ரொம்ப சீக்கிரம்னு வருசக்கணக்காச் சண்டை போட்டுட்டு இருக்காங்களாமா.

எனக்குத் தெரிஞ்சது பண்ணையம். அதுல ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. 2010-ல ஈரோட்டு மண்டியில மஞ்சள் குவிண்டால் 15,000 ரூபாயைத் தாண்டுச்சு. அவ்வளவுதான், ஊரே மஞ்சளைப் போட்டுது. வாழையைப் பிடுங்கிட்டுப் போட்டாங்க, தண்ணி பத்தாத கிணத்தை நம்பிப் போட்டாங்க, நிலம் இல்லாதவன் குத்தகைக்குப் புடிச்சுப் போட்டான். 2012-ல விலை 4,000 ரூபாய்க்குக் கிட்ட வந்து உக்காந்துச்சு. தோண்டற கூலிக்குக் கூடக் கட்டலைன்னு எத்தனையோ பேரு மூட்டையை குடோன்ல போட்டுட்டு வந்தாங்க. மஞ்சளாச்சும் பத்து மாசப் பயிருங்க. பத்து மாசத்துக்கு அக்கட்ட என்ன விலை வரும்னு ஊர்ல ஒருத்தனுக்கும் தெரியலை. நீங்க பதிமூணு பதினாலு வருசம் கழிச்சு வரப்போற விலையை நெனச்சு வெதைச்சிருக்கீங்க.

காலேஜு சந்தையும் அப்படித்தான ஓடுது? நீங்க படிக்கறப்ப மெக்கானிக்கல்னா மவுசு. இன்னைக்கு 400-க்கு மேல இஞ்சினியரிங் காலேஜு இருக்கற தமிழ்நாட்டுல, கவுன்சலிங் முடியறப்ப பல காலேஜுல சிவிலும் மெக்கானிக்கலும் காத்தாடுது. கம்ப்யூட்டருக்கும் ஏ.ஐ.க்கும் கூட்டம் அலைமோதுது. நாளைக்கு அந்த ஏ.ஐ.யே புரோகிராம் எழுதிருச்சுன்னா இந்தப் புள்ளைகளெல்லாம் எங்க போய் நிக்கும்? உங்க பேங்குலயே கவுண்டர் எத்தனை இருந்துது, இப்ப எத்தனை இருக்குது? வேற எதையும் கத்துக்கத் தெரிஞ்சவன் பொழைச்சுக்குவான். அது ஒரு பாடமா எந்த சென்டர்லயும் இல்லீங்க, நானும் விசாரிச்சேன்.

குறுக்கு வழி எப்படி முடியும்ங்கறதுக்கு நம்ம நாமக்கல், ராசிபுரம் பக்கமே சாட்சி இருக்குது. ஒரு காலத்துல இங்க பல பள்ளிக்கூடத்துல பிளஸ் ஒன் புஸ்தகத்தைத் தொறக்கவே மாட்டாங்க. ரெண்டு வருசமும் பிளஸ் டூ புஸ்தகந்தான். விடிகாலையில எழுப்பி உருப்போட வெச்சு, வாராவாரம் டெஸ்ட்டு. மார்க்கு கொட்டுச்சு. அடைச்சு வெச்சுத் தீனி போடறதைப் பாத்து சனமே பிராய்லர் பள்ளிக்கூடம்னு பேரு வெச்சுது. அப்பறம் நீட்டு வந்துது. அதுல ஏறக்குறையப் பாதிக் கேள்வி பிளஸ் ஒன்ல இருந்து! 1,200-க்கு 1,150 வாங்கின புள்ளைக முழிச்ச முழி இருக்கே. எதுக்காக மத்ததை எல்லாம் விட்டாங்களோ அந்த டாக்டர் சீட்டையே அந்தக் குறுக்கு வழி கெடுத்துருச்சு. இப்படித் தாண்டிக் குதிக்கறாங்கன்னுதான் அரசாங்கம் 2017-18-ல பிளஸ் ஒன்னுக்கும் பொதுத் தேர்வு வெச்சுது. 2025-ல அதை எடுத்தாச்சு. இனிமேல் யாரும் பழைய வித்தை காட்ட மாட்டாங்கன்னு நீங்க நம்பறீங்க. நானும் நம்பறேன்னு வெச்சுக்கங்க.

உங்களை மட்டும் சொல்றேன்னு நெனைக்காதீங்க. உங்க சகலை வூட்டுக் கூத்து வேற மாதிரி. பேத்தியைக் கோயமுத்தூர்ல ஒரு பெரிய பள்ளிக்கூடத்துல சேத்திருக்காரு. எல்லாம் கத்துக்கோணுமாம். குதிரை ஏத்தம், ரோபோ, வயலின், பிரெஞ்சு, ஸ்கேட்டிங்கு. குதிரை மேல ஏறினா ஒரு போட்டோ, இறங்கினா ஒரு சர்டிபிகேட்டு. போன தடவை வந்தப்ப, பதினேழும் எட்டும் பெருக்குனா என்ன கண்ணுன்னு கேட்டேன், செல்போனைத் தேடுச்சு. பிரெஞ்சுல ‘நல்லா இருக்கீங்களா’ன்னு கேட்டுது, அவங்க அமுச்சி தமிழ்ல கேட்டதுக்குப் பதில் வரலை. இது அகலமுமில்லை ஆழமுமில்லை, வருசத்துக்கு ஒரு தடவை நடக்கற கண்காட்சி.

கலைன்னும் அறிவியல்னும் சுவரு கூடாது, எதோட எதை வேணும்னாலும் சேத்துப் படிக்கலாம்னு 2020 கல்விக் கொள்கை சொல்லுது. காகிதத்துல மணக்குது. பிசிக்ஸையும் சங்கீதத்தையும் சேத்துப் படிக்கறதுக்கு மொதல்ல பிசிக்ஸுக்கு ஒரு வாத்தியார் வேணுமில்லீங்களா? நம்ம பள்ளிக்கூடத்துல பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கினா இன்னைக்கு வரைக்கும் திருப்பிக் கொடுத்ததில்லை. இந்த லட்சணத்துல சுவரை இடிச்சு என்ன பண்ண, வூடே இல்லாம?

அகலத்தையும் ஆழத்தையும் ஒண்ணா வெச்சுக்கிட்ட ஜி.டி. நாயுடுவைப் பத்தி உங்களுக்கு நான் சொல்லோணுமா, கோயமுத்தூர்க்காரருக்கு? பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துக்கலை. 1920-ல பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஒரு பஸ்ஸை வாங்கித் தானே ஓட்டினாரு. அப்பறம் மோட்டார், சவர ரேசர், பருத்தி, பப்பாளின்னு கை வெக்காத எடமில்லை. அதே மனுசன்தான், இஞ்சினியரிங் படிப்பை இத்தனை வருசம் இழுக்கறது வீண், சட்டுபுட்டுனு சொல்லிக் கொடுத்து அனுப்பலாம்னு சர்க்கார்கூட மல்லுக்கு நின்னவரு. அகலம் அவருக்கு நோண்டி நோண்டி வந்துது. ஆழம் எது தேவையோ அதுல மட்டும் இறங்கினாரு. அவரை உங்க கட்சின்னும் சொல்ல முடியாது, உங்க சகலை கட்சின்னும் சொல்ல முடியாது.

அதனால நான் சொல்றது இவ்வளவுதானுங்க. பத்தாவது வரைக்கும் எல்லாத்தையும் ஒழுங்காப் படிக்கட்டும். தமிழும் படிக்கட்டும், பூகோளமும் படிக்கட்டும், சாயங்காலம் மண்ணுல விழுந்து எந்திரிக்கட்டும். பிளஸ் ஒன்ல அவன் ஒரு குரூப்பு கேப்பான், அப்ப அதுல இறங்கி முங்கட்டும், நீங்க குறுக்க நிக்காதீங்க. டாக்டராகோணும்னு அவனே சொன்னா அந்த ரெண்டு வருசம் மாடா உழைக்கட்டும், செலவுல பாதி நான் தாரேன். அப்பவும் இலக்கியப் புஸ்தகம் ஒண்ணு கையில இருக்கட்டும். நோயாளி சொல்றதைக் காது கொடுத்துக் கேக்கற பழக்கம் அதுலதான் வருது.

ஒரு சங்கதி சொல்லட்டுங்களா? முழுப் பரிட்சை லீவுக்கு வந்தப்ப அவன் என் முட்டி வலியைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலை. போர்வெல் மோட்டார் சுவிட்சு பெட்டிகிட்டயே உக்காந்திருந்தான். மூணு பேஸ் கரண்டு வந்தா மட்டும் ஏன் ஓடுது, ரெண்டு பேஸ்ல ஏன் உறுமுதுன்னு காயில் கட்ட வந்த ஆளைக் கேட்டுக் கேட்டு, அந்தாளு பீடி குடிக்கறதுக்குக் கூட உடலை. இதைக் கேட்டதும் நீங்க ஜே.இ.இ. ஃபவுண்டேஷன் எங்க இருக்குதுன்னு செல்போன்ல தேட ஆரம்பிச்சிருப்பீங்கன்னு எனக்குத் தெரியும். தேடாதீங்க. அடுத்த லீவுக்கு அவன் ஆட்டுக்குட்டி பின்னால போவான். போகட்டும், பதினொரு வயசுப் பையன்.

கட்டின பீசு வெசனந்தான உங்களுக்கு? அதுக்கும் வழி விசாரிச்சு வெச்சிருக்கேன். 2024 ஜனவரியில டெல்லியில இருந்து கோச்சிங் சென்டர்களுக்கு ஒரு வழிகாட்டி போட்டிருக்காங்க. 16 வயசுக்குக் கீழ உள்ள புள்ளைகளைச் சேக்கக் கூடாது, முழுப் பீசு கட்டிட்டு நடுவுல நின்னா மிச்ச நாளுக்கு உண்டான பணத்தைப் பத்து நாளைக்குள்ள திருப்பித் தரோணும்னு அதுல இருக்குது. அது வெறும் வழிகாட்டிதான், சட்டமில்லைன்னு அவங்க சொல்லுவாங்க. சொல்லட்டும். வராக் கடன் வசூல் பண்ற பேங்குக்காரருக்கு எப்படிக் கேக்கறதுன்னு நான் சொல்லிக் கொடுக்கோணுமா? திங்கக்கிழமை காலையில முதல் வேலையாப் போய்க் கேளுங்க. கோட்டு வாடகைன்னா அதையும் மறக்காமத் திருப்பிக் கொடுத்துட்டு வாங்க.